சைலஸுக்குப் பக்கத்து இடம்

எங்கள் லிட்டில் ஓர்லியில் செத்துப்போனவர்களைப் படுக்கவைக்க இன்னும் ஒரே ஓர் இடம்தான் பாக்கி இருந்தது. அது சர்ச் கல்லறைத் தோட்டத்து யூ மரத்தடியில், என் வீட்டுக்காரர் சைலஸுக்கு வலது பக்கத்தில். அந்த இடம் எனக்கு வேண்டும். இதில் மறைத்துப் பேச என்ன இருக்கிறது? முப்பத்தாறு வருஷம் அந்த மனிதருடைய குறட்டைக்குப் பக்கத்தில் தூங்கியவள் நான். அவர் சத்தம் போடாத இடத்திலும் கொஞ்சம் பக்கத்தில் தூங்கக் கொடுத்துவைக்க வேண்டாமா?

ஆனால் எங்கள் ஊரில் முன்கூட்டி இடம் பிடித்துவைக்கிற வழக்கம் கிடையாது. சாகிற வரிசையில்தான் குழி. கல்லறைத் தோட்டத்தைச் சுற்றிப் பாறை, நாலடிக்குக் கீழேயும் பாறை. ஒருவர் மேல் ஒருவரை வைக்கவும் வழியில்லை. சைலஸுக்கு அடுத்தபடி யார் கண்ணை மூடுகிறார்களோ அவர்களுக்கு அந்த இடம். அதற்கப்புறம் போகிறவர்களை எட்டு மைல் தள்ளி, டவுன் மயானத்தில் முன்பின் தெரியாதவர்களுக்கு நடுவில் கொண்டுபோய்ப் போட வேண்டியதுதான்.

ஊரில் மொத்தம் இருபத்தேழு பேர். அதில் வயசானவர்கள் என்னோடு சேர்த்து ஐந்து. மற்ற நாலு பேரையும் நான் இரண்டு வருஷமாகக் கண்கொத்திப் பாம்பாகப் பார்த்துவந்தேன். ஞாயிற்றுக்கிழமை ஆராதனையில் யாராவது இருமினால் திரும்பிப் பார்ப்பேன். மிசஸ் ப்ரோபர்ட்டுக்குத்தான் எவ்வளவு அக்கறை என்று பாதிரியார் ஒருமுறை என்னைப் பாராட்டினார். அக்கறையாவது, மண்ணாவது. நான் இருமலை எண்ணிக்கொண்டிருந்தேன். அதற்காக நானே முந்திப் போய்ச் சேர ஆசைப்பட்டேன் என்று நினைக்க வேண்டாம். அவர்கள் யாரும் முந்தக் கூடாது, அவ்வளவுதான்.

யாருக்கு இடம் உண்டு என்பதில் குழப்பமே இல்லை. பங்கின், அதாவது எங்கள் சர்ச்சுக்கு உட்பட்ட பகுதியின், எல்லைக்குள் வசிப்பவருக்கு உண்டு. எல்லைக்குள் உயிர் விட்டவருக்கும் உண்டு. இந்த இரண்டாவது விதி எனக்குப் பிடிக்காத விதி. 1932-ல் எங்கிருந்தோ வந்த ஒரு நாடோடி எங்கள் சந்தில் வேலி ஓரமாக விழுந்து செத்தான். பேர்கூடத் தெரியாது. அவனுக்கு யூ மரத்தடியில் அருமையான இடம் கிடைத்தது. பத்து கெஜம் தள்ளி விழுந்திருந்தால் பக்கத்துப் பங்கான கிரேட் ஓர்லி அவனைப் பார்த்துக்கொண்டிருக்கும். எனக்கு அன்று வந்த ஆத்திரம் இன்னும் ஆறவில்லை.

அதனால்தான் 1947-ல், வெளியூர் கர்னல் ஒருவர் ‘காட்சி நன்றாக இருக்கிறது’ என்று எங்கள் தோட்டத்தில் இடம் கேட்டபோது, சர்ச் நிர்வாகத்தைப் பார்த்துக்கொள்ளும் வார்டன் என்ற முறையில் கமிட்டியைக் கூட்டி ஒரு தீர்மானம் போடவைத்தேன். இந்த இரண்டு விதிக்குள் வராத வெளியாள் எவருக்கும், எந்தக் காரணத்தைக் கொண்டும், இடம் கொடுப்பதில்லை. தீர்மானப் புத்தகத்தில் அதை எழுதியது என் கை. ‘எந்தக் காரணத்தைக் கொண்டும்’ என்பதன் கீழே கோடு போட்டதும் என் கைதான்.

இப்படி நான் வேலி கட்டிக் காத்துவந்த நேரத்தில்தான், போன வருஷம் ஏப்ரல் மாதம், ஆம்ப்ரோஸ் க்வில்லியம் தன் கட்டிலை நகர்த்தினான்.

சொன்னவள் ஆல்வென். தபால் ஆபீஸ் அவளுடையது, என்னைப் போல அவளும் ஒரு வார்டன். ஊரில் ஒரு கோழி இடம் மாறி முட்டை போட்டாலும் அவளுக்குத் தெரியும். தபால் தலையைக் கிழித்துக்கொண்டே, தலை நிமிராமல் சொன்னாள்:

“ஆம்ப்ரோஸுக்கு ஒரு பார்சல் கொண்டுபோனேன், மிசஸ் ப்ரோபர்ட். கட்டில் கிழக்கு ரூம்ல கெடக்கு.”

அந்தத் தபால் தலையைக்கூட வாங்காமல் வெளியே வந்துவிட்டேன். ஏன் என்று சொல்கிறேன். ஆம்ப்ரோஸின் குடிசை எல்லையின் மேலேயே உட்கார்ந்திருக்கிறது. லிட்டில் ஓர்லிக்கும் கிரேட் ஓர்லிக்கும் நடுவே ஓடுகிற கோடு அவன் சமையலறைக்குள் நுழைந்து அடுப்புக் கல்லைத் தாண்டிப் பின்ஜன்னல் வழியாக வெளியே போகிறது. இப்படிப்பட்ட வீட்டுக்கு எங்கள் பக்கத்தில் காலங்காலமாக ஒரே சட்டம்தான்: படுக்கை எந்தப் பக்கமோ, ஆளும் அந்தப் பக்கம். அவன் பிறந்ததிலிருந்து மேற்கு அறையில் படுத்தான், கிரேட் ஓர்லி ஆளாக இருந்தான். இப்போது கட்டில் கிழக்கே வந்துவிட்டது. எழுபது வயசில், கல்யாணமும் ஆகாத மனிதன், நெஞ்சுச்சளியை வைத்துக்கொண்டு எதற்காகப் பங்கு மாற வேண்டும்?

எதற்காக என்று எனக்குத் தெரியாதா? அதிலும் இருக்கிற கிழடுகளிலேயே மோசமான இருமல் அவனுடையதுதான்.

அன்றிலிருந்து எதைப் பார்த்தாலும் அதுவாகவே தெரிந்தது. தொடர்ந்து இரண்டு ஞாயிறு அவன் எங்கள் சர்ச்சுக்கு வந்தான். முன்னெல்லாம் கிறிஸ்துமஸுக்குக்கூட எட்டிப் பார்க்காதவன். டாக்டரின் கார் அவன் வீட்டு வாசலில் நின்றது. அதைவிட மோசம், ஒரு புதன்கிழமை காலையில் நான் பீடத்துக்குப் பூ வைக்கப் போனபோது, சைலஸின் கல்லறை பக்கத்தில் அவன் நின்றுகொண்டிருந்தான். வெறுமனே நிற்கவில்லை. காலோடு கால் ஒட்டவைத்து, அடி அடியாக நீளத்தை அளந்துகொண்டிருந்தான்.

அவன்தான் இரண்டு பங்குக்கும் குழி வெட்டுகிறவன். சைலஸுக்கும் அவனேதான் வெட்டினான். ஆனாலும் அன்று வெட்டுவதற்கு யாரும் சாகவில்லையே. என்ன பார்க்கிறாய் என்று கேட்டேன். மண் உள்வாங்கியிருக்கிறது என்று முனகிவிட்டுத் தொப்பியைத் தலையில் மாட்டிக்கொண்டு போய்விட்டான். போய்ப் பார்த்தேன். எனக்கு ஒன்றும் உள்வாங்கியதாகத் தெரியவில்லை. என் இடத்தில், புல் மேல், அவனுடைய பூட்ஸ் தடம்தான் தெரிந்தது.

மறுநாள் ஒரு பாட்டில் ருபார்ப் ஜாமை எடுத்துக்கொண்டு அவன் வீட்டுக்குப் போனேன். ஜாம் ஒரு சாக்கு என்பது அவனுக்கும் தெரியும். நான் யாருக்கும் சும்மா ஜாம் கொடுப்பவள் இல்லை. உள்ளே கூப்பிட்டான், டீ போட்டான். கிழக்கு அறையின் கதவு திறந்திருந்தது. கட்டில், போர்வை, தலைமாட்டில் மருந்து பாட்டில், எல்லாம் ஆற அமரக் குடியேறியிருந்தன.

“கட்டில மாத்திட்டே போலிருக்கே” என்றேன்.

“மேக்கால கூரை ஒழுகுது, ஈனிட். நடுநெஞ்சுல சொட்டுனா எப்பிடித் தூங்குறது?”

நான் எழுந்து மேற்கு அறைக்குள் போய்ப் பார்த்தேன். அவன் தடுக்கவில்லை. கூரையில் ஒரு கறை இல்லை. பளிச்சென்று புதுச் சுண்ணாம்பு. இரண்டு வாரமாக மழையே இல்லாத ஊரில் ஒழுகுகிறதாம். நான் என்ன நேற்றுப் பிறந்தவளா?

“வெள்ளை அடிச்சிருக்கே.”

“கறை அசிங்கமா இருந்துச்சு. அடிச்சேன்.”

“ஒழுகுற கூரைக்கு ஓடு மாத்துவாங்க. வெள்ளையா அடிப்பாங்க?”

ஏறி ஓடு மாற்ற உடம்பில் தெம்பு இல்லை, டாக்டர் ஏணிப் பக்கமே போகக் கூடாது என்றிருக்கிறார் என்றான். டாக்டர் என்ற வார்த்தை வந்ததும் எனக்கு மிச்சம் இருந்த கொஞ்ச நம்பிக்கையும் போயிற்று. நோய் முற்றியிருக்கிறது, அதனால்தான் அவசரம் என்று முடிவு கட்டினேன். டீயைப் பாதியில் வைத்துவிட்டு வந்தேன். ஜாம் பாட்டிலைத் திரும்ப எடுத்துவர மறந்துவிட்டேன், அதுவேறு இரண்டு நாள் மனசை அரித்தது.

மே மாதம் எல்லை சுற்றும் நாள் வந்தது. இயேசு பரமேறிய திருநாளுக்கு முந்திய திங்கட்கிழமை, பாதிரியாரை முன்னே விட்டு, ஊரே கையில் வில்லோ குச்சியோடு பங்கின் எல்லையை ஒரு சுற்று நடக்கும். எல்லைக் கல் வருகிற இடத்திலெல்லாம் நின்று குச்சியால் அடிப்போம், ஒரு சங்கீதம் வாசிப்போம், நடப்போம். நானூறு வருஷப் பழக்கம். சர்வே படம் பார்க்கிற வழக்கமெல்லாம் எங்களுக்குக் கிடையாது. எல்லை எங்கே என்று கேட்டால், நாங்கள் நடக்கிற இடம்தான் எல்லை. காலுக்குத் தெரிந்ததைக் காகிதத்தில் போய்த் தேடுவானேன்?

பெல்லாமி பாதிரியார் சின்ன வயசுக்காரர். நாலு பங்கை மோட்டார் சைக்கிளில் ஓடி ஓடிப் பார்த்துக்கொள்பவர். எவரோடும் சண்டை வராமல் இருந்தால் போதும் என்று நினைக்கிற நல்ல மனிதர். ஆம்ப்ரோஸின் சமையலறையில் பதினாறு பேர் நெருக்கியடித்து நின்று அடுப்புக் கல்லைக் குச்சியால் தட்டினோம். அவன் வழக்கம்போல எல்லோருக்கும் கேக் வைத்திருந்தான். அடுத்தது பின்ஜன்னல் வழியாக ஏறிக் குதிக்க வேண்டும். பாதிரியார் அங்கியைத் தூக்கிச் செருகிக்கொண்டு ஒரு காலை வெளியே போட்டுவிட்டார். அப்போதுதான் நான் பேசினேன்.

கிழக்கு அறைக் கட்டிலைக் காட்டி, இது எந்தப் பங்கு என்று எல்லார் முன்னாலும் தீர்த்துவிட்டு நகருங்கள் என்றேன். கோடு அடுப்புக் கல்லில்தான் போகிறதா, இல்லை இன்னும் கிழக்கே தள்ளியா என்பதை யார் கண்டது? சர்ச்சில் பழைய வரைபடம் இருக்கிறதாமே, பெட்டியைத் திறந்து பார்த்தால் தெரிந்துவிடுமே என்றேன். கேக் தின்ற வாய்களெல்லாம் நின்றன. பாதிரியார் ஜன்னலில் ஒரு கால் அந்தப் பக்கமும் ஒரு கால் இந்தப் பக்கமுமாக உட்கார்ந்துகொண்டு, இன்னொரு நாள் பார்க்கலாமே மிசஸ் ப்ரோபர்ட் என்று கெஞ்சினார்.

ஆம்ப்ரோஸ் என் பக்கத்தில் வந்து தாழ்ந்த குரலில் சொன்னான்:

“வேணாம், ஈனிட். அந்தப் பெட்டியத் தொறக்காத. நான் கட்டில வேணா மாத்திக்கிறேன்.”

எங்கப்பன் குதிருக்குள் இல்லை என்பது இதுதான். நான் சத்தமாகவே சொன்னேன், திறக்க வேண்டாம் என்று இவர் சொல்கிறார், அதனாலேயே திறக்க வேண்டும் என்று. ஆல்வென்கூட என் பக்கம் தலையாட்டினாள். அவள் மாமியாரும் அந்த ஐந்து பேரில் ஒருத்தி. அவளுக்கும் ஓர் ஆள் குறைந்தால் நல்லதுதானே.

புதன்கிழமை சாயங்காலம் சர்ச்சின் பக்க அறையில் கூடினோம். அந்தப் பெட்டி ஓக் மரத்தில் செய்தது, மூன்று பூட்டு. பாதிரியாரிடம் ஒரு சாவி, வார்டன்கள் இரண்டு பேரிடமும் ஒவ்வொன்று. மூன்று பேரும் ஒரே நேரத்தில் சம்மதித்தால்தான் திறக்கும். ஒருவரை ஒருவர் நம்பக் கூடாது என்பதற்காகவே முன்னோர் செய்துவைத்த பெட்டி. என் சாவி துருப்பிடித்துச் சுற்ற மறுத்தது. நான் எண்ணெய் விட்டு, இரண்டு கையாலும் பிடித்து, மூச்சுப் பிடிக்கச் சுற்றினேன். ஆம்ப்ரோஸ் கதவோரம் தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றான்.

வரைபடத்தை மேஜையில் விரித்தார்கள். 1841-ல் வரைந்தது. பாதிரியார் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு விரலால் கோட்டைத் தொடர்ந்தார். க்வில்லியம் குடிசை இதோ. கோடு அடுப்புக் கல் மேலேயே போகிறது, நாம் நடக்கிறபடியே. கிழக்கு அறை லிட்டில் ஓர்லி. “அப்போ மிஸ்டர் க்வில்லியம் நம்ம பங்கு ஆளுதான்” என்றார். முகத்தில் நிம்மதி. வேலியில் போன ஓணானை எடுத்து மடியில் விட்டுக்கொண்டேனே என்று நினைத்தேன். ஆனால் ஓணான் இன்னும் மடிக்கு வந்தே சேரவில்லை.

பாதிரியாரின் விரல் சும்மா இருக்கவில்லை. வந்ததுதான் வந்தோம், முழுக்கப் பார்த்துவிடலாம் என்று கோட்டின் மேல் நகர்ந்தது. குடிசையிலிருந்து சரிவு, சரிவிலிருந்து ஓடை. ஓடையை ஒட்டியே கீழே போயிற்று. நாங்கள் நடக்கும்போது ஓடையில் பலகை போட்டுத் தாண்டி, என் வீட்டுக் கொல்லையைச் சுற்றி, பின்வாசல் கல்லை அடித்துவிட்டுத் திரும்புவோம். அந்தக் கோடு ஓடையைத் தாண்டவே இல்லை. ஓடைக்கு அந்தப் பக்கம், கிரேட் ஓர்லி என்று எழுதிய வெள்ளையில், ஒரு சின்னக் கட்டம் இருந்தது. அதில் ‘பூல் ஹவுஸ்’ என்று எழுதியிருந்தது.

பூல் ஹவுஸ் என் வீடு.

படம் தப்பு என்றேன் நான். பின்வாசலில் எல்லைக் கல் இருக்கிறதே, சிலுவை வெட்டிய கல், வருஷா வருஷம் எல்லாரும் அடிக்கிறீர்களே என்றேன். என் குரல் எனக்கே கீச்சென்று கேட்டது. அப்புறம், எல்லாரும் பார்க்கிறார்களே என்று நானும் கதவுப் பக்கம் திரும்பினேன்.

“சொல்லிடு, ஆம்ப்ரோஸு” என்றேன்.

அவன் தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னான். 1919, போர் முடிந்து முதல் தடவை எல்லை சுற்றிய வருஷம். ஊருக்குத் திரும்பி வந்தவர்கள் வெறும் ஒன்பது பேர். சைலஸ் அன்று தன் வீட்டுப் பின்வாசலில் ஆப்பிள் கள் பீப்பாயைத் திறந்து வைத்துக்கொண்டு, ஓடைக்கு அந்தப் பக்கம் நடந்துபோனவர்களைக் கைதட்டிக் கூப்பிட்டிருக்கிறார். பலகை போட்டுத் தாண்டி வந்து குடித்துவிட்டு, அங்கிருந்தே நடையைத் தொடர்ந்தார்கள். அடுத்த வருஷமும் பீப்பாய் இருந்தது. அதற்கடுத்த வருஷம் அதுவே வழியாகிவிட்டது.

“வந்து நின்னா அடிக்க ஒரு கல்லு வேணும்ல. சைலஸும் நானும்தான் ஓடையோரக் கல்லப் பேத்து, தள்ளுவண்டியில போட்டு, ஒங்க பின்வாசல்ல நட்டோம். வெளையாட்டுக்குத்தான் செஞ்சோம். அப்பறம் நீ கல்யாணமாகி வந்தே. ஒன்ன லிட்டில் ஓர்லிப் பொண்ணுன்னு எல்லாரும் சொன்னாங்க. எப்பிடி எடுத்துச் சொல்றது?”

முப்பத்தெட்டு வருஷம் நான் இந்த சர்ச்சின் தரையைத் துடைத்திருக்கிறேன், பித்தளையை விளக்கியிருக்கிறேன், வெளியாட்களை விரட்டியிருக்கிறேன். நானே வெளியாள்.

சைலஸைத் தோண்டி எடுத்துவிடுவீர்களா என்றுதான் எனக்கு முதலில் கேட்கத் தோன்றியது. பாதிரியார் பதறிப்போய், இல்லவே இல்லை, படுத்தவர் படுத்தவர்தான் என்றார். பிறகு மெதுவாக, உங்கள் விஷயத்தில் கமிட்டி மனசு வைத்தால் போதும், நான் தடை சொல்ல மாட்டேன் என்றார். தீர்மானப் புத்தகத்தை எடுத்தார்கள். 1947-ஆம் வருஷப் பக்கத்தைப் புரட்டியதும் அவர் வாசிப்பதை நிறுத்திவிட்டார். என் கையெழுத்து, என் கோடு. அதை மாற்றுவதற்குச் சம்மதிப்பவர்கள் கையைத் தூக்குங்கள் என்றார்.

கமிட்டியில் என்னைத் தவிர ஆறு பேர். ஒருத்திக்கு மாமியார், ஒருவருக்கு அப்பா, ஒருவருக்குத் தனக்கே அந்த இடம் வேண்டும். பாதிரியார் கையும் இன்னொரு கையும்தான் மேலே போயின. மற்றவர்கள் மேஜையைப் பார்த்தார்கள். ஆல்வென் தன் சாவியைக் கயிற்றில் கட்டுவதில் மும்முரமாக இருந்தாள். எனக்கு அவர்கள் மேல் கோபம் வரவில்லை. வெட்கமாக இருந்தது. நான் அவர்கள் வீட்டு இருமலை எண்ணிய இரண்டு வருஷமும், அவர்களும் என் இருமலை எண்ணிக்கொண்டுதான் இருந்திருக்கிறார்கள்.

வீட்டுக்கு வந்து பின்வாசல் கல்லின் மேல் உட்கார்ந்து அழுதேன். சைலஸைத் திட்டினேன். ஒரு பீப்பாய்க் கள்ளுக்கு என்னை எல்லைக்கு வெளியே நிறுத்திவிட்டு நீர் மட்டும் சொகுசாகப் போய்ப் படுத்துக்கொண்டீரே என்று வாய்விட்டுக் கேட்டேன். அவர் உயிரோடு இருந்திருந்தால் சிரித்திருப்பார். அதை நினைத்ததும் அழுகை இன்னும் அதிகமாயிற்று.

அடுத்த வாரம் மழை பிடித்துக்கொண்டது, மூன்று நாள் விடாமல். மூன்றாம் நாள் மத்தியானம் சர்ச்சுக்குப் போனேன். வார்டன் வேலையை விட்டுவிடுகிறேன் என்று கடிதம் எழுதி வைத்திருந்தேன். யூ மரத்தடியில் சைலஸின் கல்லறையைப் பார்த்தேன். தலைமாட்டுப் பக்கம் புது மண் போட்டு, புல் பாளம் பெயர்த்து வைத்து, தட்டிச் சமப்படுத்தியிருந்தது. பக்கத்தில் எல்லாரும் படுத்திருக்கிற இடத்தில் மழைத்தண்ணீர் குட்டை குட்டையாக நின்றது. சைலஸ் மேல் மட்டும் ஒரு சொட்டு நிற்கவில்லை. மண் உள்வாங்கித்தான் இருந்திருக்கிறது. ஆம்ப்ரோஸ் அன்று அளந்ததும் அதைத்தான்.

கடிதத்தை நனையவிட்டுக்கொண்டு நேரே அவன் வீட்டுக்கு நடந்தேன். கதவைத் தட்டும் முன்னாலேயே அந்தச் சத்தம் கேட்டது. டொக், டொக் என்று, தகர வாளியில் தண்ணீர் விழுகிற சத்தம். மேற்கு அறையில் கட்டில் திரும்பவும் பழைய இடத்துக்கு வந்திருந்தது. சுவரை ஒட்டித் தள்ளிப் போட்டிருந்தான், இருந்தும் கால்மாட்டில் போர்வை ஈரமாக இருந்தது. புதுச் சுண்ணாம்பில் மஞ்சள் கறை ஒரு தட்டு அகலத்துக்கு விரிந்திருந்தது. வாளி பாதி நிறைந்திருந்தது.

எதற்காக இங்கே வந்து நனைகிறாய், கிழக்கு அறை உனக்குச் சட்டப்படி உள்ளதுதானே என்று கேட்டேன். கேட்கும்போதே மறுபடி ஒரு சந்தேகம் எட்டிப் பார்த்தது. பிறவிக் குணம், என்ன செய்ய? இதிலும் ஏதோ இருக்கிறது என்று தோன்றியது.

இருக்கத்தான் செய்தது. அவன் கிழக்கு அறைக் கதவைத் திறந்துவிட்டான். அறை கழுவித் துடைத்துக் காய்ந்திருந்தது. ஒரு மடக்குக் கட்டில், மெத்தை, வெளுத்த விரிப்பு. ஜன்னல் மேடையில் என் ருபார்ப் ஜாம் பாட்டில், திறக்காமல். ஜன்னல் வழியாகப் பார்த்தால் சர்ச்சின் கூரையும் யூ மரத்தின் உச்சியும் தெரிந்தன.

“அந்த நாடோடிப்பய ஞாபகம் இருக்கா?” என்றான். “வேலியோரம் விழுந்து செத்தானே. எல்லைக்குள்ள செத்தா எடம் உண்டு. அதுக்கு எந்தக் கமிட்டியும் கை தூக்க வேண்டியதில்ல. ஒனக்கு முடியாம வர்றப்ப இங்க வந்து படுத்துக்க. சந்துல படுக்கச் சொல்ல முடியுமா ஒன்ன?”

அந்த நாடோடிக்கு இடம் கொடுத்ததற்காக இருபத்தாறு வருஷம் மனசுக்குள் கருவிக்கொண்டிருந்தவள் நான். ஆம்ப்ரோஸ் அவனுக்கும் குழி வெட்டியவன். அப்படியானால் உன் இடம் எங்கே என்று கேட்டேன். கிரேட் ஓர்லியில் வயல் மாதிரிக் கிடக்கிறது, அந்தப் பங்கு ஆட்களுக்கு அங்கே இடத்துக்கா பஞ்சம் என்றான். அவனுக்குப் பக்கத்தில் படுக்க யாரும் இல்லை, எங்கே படுத்தாலும் ஒன்றுதான் என்றான். அதை அவன் வருத்தமாகச் சொல்லவில்லை.

“கல்லத் தூக்குனதுல எனக்கும் ஒரு கை இருக்குல்ல, ஈனிட்.”

நான் கிழக்கு அறைக்குள் போய்க் கூரையை அண்ணாந்து பார்த்தேன். அந்த நிலைமையிலும் பார்த்தேன். ஒரு கறை இல்லை, உண்மையாகவே இல்லை. இன்னும் நாலு கிழடுகளில் எவர் வேண்டுமானாலும் எனக்கு முந்திப் போகலாம், அது கர்த்தர் கையில். அப்படிப் போனால் இந்த அறையும் வீண்தான். ஆனாலும் மறுநாளே என் தலையணையைக் கொண்டுவந்து வைத்துவிடுவது என்று தீர்மானித்தேன்.

அப்போது அவன் இருமினான். சமையலறை நாற்காலியைப் பிடித்துக்கொண்டு, குனிந்து, நெடுநேரம் இருமினான். இரண்டு வருஷமாக ஊர் இருமலையெல்லாம் எண்ணிக்கொண்டிருந்தவள் நான். அன்று எண்ணவில்லை. மேற்கு அறைக்குப் போய், மழை வந்த பக்கத்து ஜன்னலைச் சாத்திவிட்டு, வாளியை வெளியே கொட்டிக்கொண்டு வந்தேன்.